நகரக் கிணறுகளின் பாதுகாப்பு: கரமனை தரும் பாடம்

திருவனந்தபுரம் நகரின் தென்கிழக்கே, கரமனை ஆற்றின் கரையில் அமைந்துள்ளது கரமனை. அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு சுமார் 68 கிலோமீட்டர் ஓடி, திருவல்லத்திற்கு அப்பால் பனத்துறையில் அரபிக் கடலுடன் கலக்கிறது. நகரின் குழாய்நீர் இந்த ஆற்றிலிருந்தே வருகிறது. 1930களில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலத்தில், அருவிக்கரையில் அணை கட்டப்பட்டு, வில்லிங்டன் பிரபுவின் பெயரால் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர் 1983இல் மேற்புறத்தே பேப்பாறை அணையும் எழுந்தது. எனினும் கரமனை போன்ற பகுதிகளில் குழாய் வந்த பிறகும் கிணறு மறையவில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்களிலும், பின்னர் எழுந்த குடியிருப்புகளிலும், வீட்டுக் கிணறும் பொதுக் கிணறும் இன்றும் நீர் தந்து வருகின்றன.

இக்கிணறுகளின் நீர் தூய்மையாக இருப்பது எதைப் பொறுத்தது? அதைக் காக்கும் கடமை யாருடையது? அதற்கு ஆகும் செலவை ஏற்கவேண்டியவர் யார்? பொருளாதாரம் பயிலும் மாணவர்களும், உள்ளாட்சி, சுகாதாரம், நகரமைப்பு ஆகிய துறைகளின் அலுவலர்களும் சேர்ந்து ஆராய வேண்டிய இம்மூன்று கேள்விகளே இவ்வுரையின் பொருளாகும்.

கிணறுகளின் மாநிலம்

இந்தியாவில் திறந்த கிணறுகள் மிக நெருக்கமாக அமைந்துள்ள மாநிலம் கேரளம். கடற்கரைச் சமவெளியில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200 கிணறுகள் உள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அம்மாநிலக் குடும்பங்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் குடிநீருக்குக் கிணற்றையே முதன்மையாக நம்பியிருந்தனர்.

இதற்கு மண்ணும் மழையும் காரணம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுக்கு இருமுறை நிலத்தை நனைக்கின்றன. வெட்டுகல் எனப்படும் செம்புறைப் பாறையில் துளைகளும் குழல் போன்ற இடைவெளிகளும் மிகுதி. மழைநீர் அவற்றின் வழியே எளிதில் கீழிறங்குவதால், அதிக ஆழம் தோண்டாமலே நீர் கிடைக்கிறது.

வசதிக்குக் காரணமான இதே இயல்புதான் ஆபத்துக்கும் காரணம். மழைநீர் எளிதில் இறங்கும் வழியில் கழிவுநீரும் எளிதில் இறங்கும். நுண்மணலில் மெல்ல ஊர்ந்து செல்லும் நீரில் கிருமிகள் வடிகட்டப்பட்டும், நாளடைவில் மடிந்தும் போகின்றன. வெட்டுகல்லின் இடைவெளிகளிலோ நீர் விரைந்து ஓடுவதால் அந்த வடிகட்டல் முழுமையாக நிகழ்வதில்லை. பருவமழையின்போது நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, கழிவுக் குழியின் அடித்தளத்தை நெருங்குகிறது. கோடையில் பல அடிகளாக இருந்த இடைவெளி, ஆடி மாதத்தில் சில அங்குலங்களாகச் சுருங்கிவிடக்கூடும். ஆகவே, கோடையில் ஒருமுறை நீரைச் சோதித்து, நல்ல நீர் என்று சான்றளித்துவிடுவது போதாது.

ஏழரை மீட்டர் வட்டம்

கேரள நகராட்சிக் கட்டட விதிகள் இவ்வகையில் ஒரு தெளிவான வரம்பை விதித்துள்ளன. குடிநீர்க் கிணற்றைச் சுற்றி 7.5 மீட்டர் ஆரத்திற்குள் செப்டிக் டேங்கோ, உறிஞ்சு குழியோ, குப்பைக் குழியோ அமைக்கலாகாது. மனையின் எல்லையிலிருந்து 1.2 மீட்டருக்குள்ளும் அவை கூடா. விதி நல்ல நோக்கமுடையது. ஆயினும் அது நகரத்து மனையில் எவ்வாறு செயற்படுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

7.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 177 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 4.4 சென்ட். நகரத்தில் 3 சென்ட் அல்லது 4 சென்ட் மனைகள் அரியவை அல்ல. 3 சென்ட் மனை என்பது 121 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 11 மீட்டர். அத்தகைய மனையின் ஒரு மூலையில் கிணறும், எதிர்மூலையில் கழிவுக் குழியும் அமைத்தால், வீட்டுக்காரர் தம் கிணற்றைத் தம் குழியிலிருந்து காத்துக்கொள்ளலாம். ஆனால் மூலையில் அமைந்த அக்கிணற்றின் பாதுகாப்பு வட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு பக்கத்து மனைகளில் விழுகிறது. அங்கே அண்டை வீட்டாரின் குழி இருக்கக்கூடும். சுவரோடு சுவர் ஒட்டி, அகலம் குறைந்து நீளம் மிகுந்து அமைந்த பழைய தெருவீடுகளில் இந்நெருக்கடி இன்னும் கடுமையானது. அங்கே ஒரு வீட்டின் கிணற்றுக்கும் அடுத்த வீட்டின் கழிவறைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு சுவரே.

பொருளாதார நூல்கள் புறவிளைவு என்று கூறுவது இதனையே. ஒருவர் தம் வசதிக்காகச் செய்யும் செயலின் செலவு பிறர்மீது விழுகிறது. தொழிற்சாலையும் ஊரும் வேறு வேறாக இருக்கும்போது, இழைத்தவர் யார், இழந்தவர் யார் என்பது தெளிவாகத் தெரியும். கரமனை போன்ற குடியிருப்பிலோ ஒவ்வொரு வீடும் மாசுக்குக் காரணமாகவும் இருக்கிறது. மாசுக்கு இரையாகவும் இருக்கிறது. ஒருவர் மட்டும் பெருஞ்செலவு செய்து தம் செப்டிக் டேங்கைக் கசிவின்றிக் கட்டினால், அதனால் தூய்மையடைவது அண்டைவீட்டுக் கிணறே. அவருடைய கிணறு அடுத்தவரின் தயவில்தான் இருக்கும். எல்லோரும் செய்தால் எல்லோருக்கும் நன்மை. தனியே செய்பவருக்கு நன்மை சிறிது. இத்தகைய நிலையில் தனிமனிதப் பொறுப்பை மட்டும் வலியுறுத்திப் பயனில்லை. தெரு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, பொது அமைப்பு ஒன்று முன்னின்று செய்தாலன்றிக் காரியம் நிறைவேறாது.

உலகம் கற்ற இரண்டு பாடங்கள்

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவி, அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரின் வீடுகளைக் குறித்துவந்த மருத்துவர் ஜான் ஸ்நோ, அவற்றுள் பெரும்பாலானவை பிராட் தெருவின் பொதுக் கிணற்றுப் பம்பைச் சூழ்ந்திருப்பதைக் கண்டார். செப்டம்பர் 8ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்த வரலாறு பலரும் அறிந்ததே. அதன் தொடர்ச்சி அவ்வளவாக அறியப்படவில்லை. கிணற்றின் அருகேயிருந்த வீடு ஒன்றின் கழிவுக் குழி பின்னர் தோண்டிப் பார்க்கப்பட்டது. அக்குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தொலைவில் இருந்தது; அதன் செங்கற் கட்டுமானம் சிதைந்து, கழிவுநீர் கிணற்றை நோக்கிக் கசிந்திருந்தது. நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் அக்குழியில் கொட்டப்பட்டிருந்தது. பகுதி முழுவதும் விரும்பிக் குடித்த நீரை ஒரே ஒரு வீட்டின் பழுதுபட்ட குழி நஞ்சாக்கிவிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. வளம்மிக்க நாட்டில் நேர்ந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் சுமார் 5,000 மக்கள் வாழும் வாக்கர்டன் என்னும் சிற்றூர், பொதுக் கிணறுகளிலிருந்து குழாய்நீர் பெற்றுவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில், ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் அருகிலிருந்த பண்ணையின் மாட்டெருவிலிருந்து ஈ-கோலை கிருமிகள் கலந்தன. ஏழு பேர் இறந்தனர். 2,300 பேருக்குமேல் நோயுற்றனர். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் நடத்திய விசாரணையில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. பண்ணைக்காரர் எருவிட்ட முறையில் தவறேதும் இல்லை. கிணறு அமைந்த இடமே பாதுகாப்பற்றது. மேலும், குளோரின் அளவை நாள்தோறும் சோதிக்க வேண்டிய பணியாளர்கள் சோதிக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதி வந்தனர்.

கிணற்றின் பாதுகாப்பு இடத்தைத் தேர்வதிலேயே தொடங்குகிறது என்பது முதற்பாடம். எழுதப்படும் பதிவேடு உண்மையானதாக இல்லையெனில் எக்கருவியும் பயன்படாது என்பது இரண்டாவது பாடம். அலுவலர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இப்பிந்திய பாடம்.

மேலைநாடுகள் பல, இவ்வகை அனுபவங்களின் பயனாக, கிணற்றைச் சுற்றிப் பாதுகாப்பு வலயங்களை வகுத்துள்ளன. அமெரிக்கா 1986இல் தன் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி, பொதுக் கிணறுகளின் சுற்றுப்புறத்தைக் காக்கும் திட்டங்களை மாநிலங்கள் வகுக்கச் செய்தது. இங்கிலாந்தில் உள்வலயம் என்பது, நிலத்தடியில் எந்த இடத்திலிருந்து புறப்படும் நீர் 50 நாட்களுக்குள் கிணற்றை அடையுமோ அந்த எல்லை வரை நீளும். எவ்வாறாயினும் அது 50 மீட்டருக்குக் குறையலாகாது. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அத்தனை நாட்கள் மண்ணுக்குள் உயிர்வாழா என்பதே இக்கணக்கின் அடிப்படை. அங்குள்ளவை பெருமளவு நீர் இறைக்கும் பொது நிலையங்கள். இங்குள்ளவை வாளியும் சிறு மோட்டாரும் கொண்ட கிணறுகள். எனவே அவ்வளவுகளை அப்படியே இங்குப் பெயர்ப்பது இயலாது. எத்தனை மீட்டர் என்று கேட்பதோடு, நீர் எத்தனை நாட்களில் வந்து சேர்கிறது என்றும் கேட்க வேண்டும் என்ற சிந்தனை மட்டும் இந்நாட்டுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டின் அனுபவம்

சென்னை மாநகரில் ஏழுகிணறு என்ற பெயரில் ஒரு பகுதி இருப்பதை அனைவரும் அறிவர். 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி அங்கே தோண்டப்பட்ட கிணறுகள், புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்கின. மதிலும் காவலும் அமைத்துக் கிணறுகளைக் காப்பது நிர்வாகத்தின் கடமை என அன்றே உணரப்பட்டிருந்தது.

மாறாக, காவாமல் விட்டதன் விளைவைப் பாலாற்றுப் பகுதியும் திண்டுக்கல் பகுதியும் காட்டின. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் குறித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களின் 13 கிராமங்களில், குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது அறிவித்தது. அதற்கு முன்பே, 1991இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீரைப் பெறும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியிருந்தது.

குழாய் இருக்கக் கிணறு எதற்கு?

குழாய்நீரை எல்லா வீடுகளுக்கும் கொடுத்துவிட்டுக் கிணறுகளை மூடிவிடலாமே என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்தைப் புறக்கணித்துவிட முடியாது. தூய்மைப்படுத்தப்பட்ட நீரை ஓரிடத்தில் கண்காணிப்பது, ஆயிரக்கணக்கான கிணறுகளைக் கண்காணிப்பதைவிட எளிது. ஆயினும் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். ரயில்பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணிக்காகக் குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றியபோது, திருவனந்தபுரம் நகரின் பல வார்டுகளில் சில நாட்கள் குழாய்நீர் நின்றுபோயிற்று. பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்க நேர்ந்தது. அத்தகைய நாட்களில் லாரித் தண்ணீருக்குக் காத்திராமல் சமாளிக்கக் கூடியவர்கள், பயன்படும் கிணறு உள்ளவர்களே. கிணறு என்பது நகரத்தின் காப்பீடு. தவணை செலுத்தாமல் விட்ட காப்பீடு வேண்டிய நேரத்தில் கைகொடாது. பராமரிக்காத கிணறும் அவ்வாறே.

மேலும், கைவிடப்பட்ட கிணறு தீங்கற்றது அல்ல. குழாய் வந்த பிறகு குப்பை கொட்டும் பள்ளமாக மாறிய கிணறு, நிலத்தடி நீருக்குள் நேராக இறங்கும் ஒரு துளையாகும். மண்ணின் வடிகட்டல் எதுவுமின்றி அழுக்கு அதன் வழியே நீரை அடைந்து, அண்டைக் கிணறுகளுக்கும் பரவுகிறது. ஆதலின் ஒரு கிணற்றைப் பேண வேண்டும். இயலாவிடில் தூய மண்ணும் களிமண்ணும் கொண்டு முறையாக மூட வேண்டும். இரண்டுமின்றி விட்டுவிடுவதே பெருந்தீங்கு.

ஆற்றின் நிலையும் இதனோடு தொடர்புடையது. நகரக் குப்பையைப் பதப்படுத்த விளப்பில்சாலையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிலையம், மக்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. குப்பையிலிருந்து வடிந்த நீர் ஓடை வழியாகக் கரமனை ஆற்றை நோக்கிச் சென்றது என்பது அம்மக்களின் முறையீடுகளுள் ஒன்று. 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட பட்டியலில், மேலக்கடவு முதல் திருவல்லம் வரையிலான கரமனை ஆற்றுப் பகுதி முதல் முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றது. ஆற்றோரக் கிணறுகளில் நீர் இறைக்க இறைக்க, ஆற்றுநீர் கரைமண் வழியே அவற்றை நோக்கி ஈர்க்கப்படும். எனவே ஆற்றைத் தூய்மைப்படுத்துவதும் கிணற்றைக் காப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

குளோரினின் பயனும் எல்லையும்

வெள்ளத்திற்குப் பின்னும் நோய் பரவும் காலத்திலும் உடனடியாகக் கைக்கொள்ளத்தக்க முறை குளோரின் இடுதலே. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் ஏராளமான கிணறுகளில் இது செய்யப்பட்டது. மூக்கின் வழியே உட்புகும் அமீபாவால் மூளைக்காய்ச்சல் பரவியபோது, 2025 ஆகஸ்டில் 'ஜலமாணு ஜீவன்' என்ற பெயரில் கிணறுகளுக்குக் குளோரின் இடும் இயக்கம் மாநிலமெங்கும் நடத்தப்பட்டது.

கணக்கு எளியது. 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் தேவை. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் சுமார் 9,420 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு வேண்டியது ஏறத்தாழ 24 கிராம். நோய்த்தொற்று உள்ள காலத்தில் இவ்வளவை இரட்டிப்பாக்க வேண்டும். பவுடரை வாளி நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் கிணற்றினுள் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்தல் வேண்டும். திறந்து வைத்த பவுடர் விரைவில் வீரியம் இழந்துவிடும்.

ஆனால் குளோரின் இடுவது, கசியும் குழியைச் சீர்செய்வதற்கு ஈடாகாது. இன்று இட்ட குளோரின் சில நாட்களில் தீர்ந்துவிடும், கசிவு தீராது. கழிவுநீரோடு வரும் நைட்ரேட்டைக் குளோரின் அகற்றாது. கொதிக்கவைப்பதாலும் அது நீங்காது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும், 100 மில்லிலிட்டர் நீரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூடக் காணப்படலாகாது என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு வார்டிலும் கிணற்றுப் பதிவேடு ஒன்று வேண்டும். கிணறு இருக்கும் இடம், ஆழம், உறையின் நிலை, 7.5 மீட்டருக்குள்ளும் 15 மீட்டருக்குள்ளும் உள்ள கழிவுக் குழிகள் ஆகியவை, எவர் மனையில் இருப்பினும், அதில் குறிக்கப்பட வேண்டும். பொதுச் சுகாதார நூல்கள் பாதுகாப்பான தொலைவாகக் கூறுவது 15 மீட்டர் என்பதால் அவ்வெல்லையும் சேர்க்கப்படுகிறது.

இரண்டாவதாக, நீர்ச் சோதனை ஆண்டுக்கு இருமுறையேனும் நடைபெற வேண்டும். அவற்றுள் ஒன்று இடவப்பாதி மழை வலுத்த பின் அமைய வேண்டும். பள்ளிகளின் வேதியியல் கூடங்களில் நீர்ச் சோதனை வசதி ஏற்படுத்தும் முயற்சியைக் கேரளத்தின் பசுமைக் கேரள இயக்கம் மேற்கொண்டது. மாணவர் தம் தெருக் கிணற்றின் நீரைத் தாமே சோதித்து அறிவது, பாடப்புத்தகம் தராத கல்வியாகும்.

மூன்றாவதாக, பொதுக் கிணறுகளின் கட்டுமானம் சீர்செய்யப்பட வேண்டும். மேற்பகுதி உறையில் கசிவு கூடாது. முக்கால் மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவர், சுற்றிலும் ஒரு மீட்டர் அகலச் சிமெண்டுத் தளம், சிந்தும் நீரை அப்பால் கொண்டுசெல்லும் வாய்க்கால், மேலே மூடி ஆகியவை வேண்டும். கூரைநீரைக் கிணற்றில் சேர்க்கும் திட்டங்கள், 2008இல் திருச்சூர் மாவட்டம் தொடங்கிய மழைப்பொலிமா போன்றவை, வரவேற்கத்தக்கவை. முதல் மழையை வெளியேற்றி, வடிகட்டிய பிறகே நீரை உள்ளே விட வேண்டும்.

நான்காவதாக, பாதாளச் சாக்கடையை நீட்டிக்கும்போது, கிணறுகளும் குழிகளும் நெருங்கிய தெருக்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும். முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறது. சிறு மனைகள் நிறைந்த தெருவில் 7.5 மீட்டர் விதியை நிறைவேற்ற ஒரே வழி, குழியே தேவையற்றதாகச் செய்வதாகும். சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்குகளைக் குறித்த காலத்தில் துப்புரவு செய்து, கழிவை லாரிகள் ஓடையில் கொட்டாமல் நிலையத்திற்கே கொண்டுசெல்வதைக் கண்காணிக்க வேண்டும்.

செலவை ஏற்பவர் யார்? மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு ஆலைகளுக்குப் பொருந்தும். மூன்று சென்ட் மனையில் வாழும் குடும்பத்தின்மீது மட்டும் அதனைச் சுமத்துவது நியாயமாகாது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர் வழங்கலையும் பொதுச் சுகாதாரத்தையும் நகராட்சிகளின் பொறுப்புகளில் சேர்த்துள்ளது. 2021இல் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டம், நகரங்களின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் மத்திய நிதி வழங்குகிறது. வீட்டு இணைப்பின் செலவில் ஒரு பங்கை வீட்டாரும், தெருக் குழாயின் செலவைப் பொது நிதியும் ஏற்பது தகும். ஏனெனில் அதனால் கிட்டும் நன்மை அண்டை வீட்டைச் சேர்கிறது. பிறருக்கு நன்மை தரும் செலவில் பொது நிதி பங்கேற்பது தருமம் அன்று. அது பொருளாதாரத்தின் எளிய விதி.

காலராவோ மஞ்சள்காமாலையோ தோன்றிய பின் கிணற்றருகே அறிவிப்புப் பலகை வைப்பது எல்லா ஊர்களிலும் நடைபெறுவதே. அதற்கு முந்திய மழைக்காலத்திலேயே அத்தெருவின் பதிவேட்டைத் திறந்து, எந்தக் குழி எந்தக் கிணற்றுக்கு அருகில் உள்ளது என்று ஓர் அலுவலர் பார்த்திருந்தால், பலகை தேவைப்பட்டிராது. கரமனையில் பதிவேடு திறக்கப்படும் நாள், அடுத்த இடவப்பாதிக்கு முன் அமைய வேண்டும்.